முந்தைய மாலையே ஏற்பாடு முடிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாளாவது கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி, மின்விளக்கு இல்லாமல் இருந்து பாருங்கள் என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எப்படி இருப்பது என்று சொல்பவர்தான் அரிது. ஆசையோடு தொடங்குகிறவர்கள் நண்பகலுக்குள் கைப்பேசியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். மன உறுதி போதவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தக் கருவி செய்துவந்த வேலைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் அணைத்துவிட்டால் வேறென்ன நடக்கும்?

முதல் மாற்று கடிகாரம். மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தால் திரையில் நாலைந்து அறிவிப்புகள் காத்திருக்கும். அரைமணி நேரம் போய்விடும், மணி என்னவென்று பார்த்திருக்கவும் மாட்டோம். கையில் ஒரு கடிகாரம், புழங்கும் அறையில் ஒன்று போதும். சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரமாக இருந்தால், பெரும்பாலானவற்றில் ஓட்டத்துக்கு ஒரு சாவி, மணிக்கு ஒரு சாவி இருக்கும். இரண்டாவதை முறுக்க மறந்தால் முள் ஓடும், மணி அடிக்காது.

அடுத்தது அழைப்புகள். ஜிஎஸ்எம் வகைக் கைப்பேசி இணைப்புகள் பலவற்றில் **21* என்று அழுத்தி, வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சேர்த்து, # போட்டு அழைத்தால் எல்லா அழைப்புகளும் அங்கே திரும்பும். திருப்பிவிடுவது வலையமைப்பு என்பதால் கைப்பேசி அணைந்திருந்தாலும் இது வேலை செய்யும். ஆனால் குறுஞ்செய்திகள் திரும்பா. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் வங்கி வேலைகளை முதல் நாளே முடித்துவிடுங்கள். மறுநாள் ##21# அழுத்தி நீக்கவும் மறக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் யாராவது இந்த எண்களை அழுத்தச் சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளைக் கைப்பற்ற மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் வழி இது. அவசரத்துக்கு வேண்டிய எண்களைத் தாளில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவைப்பது நல்லது.

எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியை அணைப்பதில் எந்தப் பயனும் இல்லை. மூடியே வைத்திருந்தாலும் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் குளிர் தாங்கும். பிறகு உள்ளிருப்பது கெடத் தொடங்கும். மருத்துவக் கருவிகளில் கைவைக்கவே கூடாது.

பலரும் எண்ணிப் பார்க்காதது மாலை வெளிச்சம். ஒரு மெழுகுவர்த்திச் சுடர் தருவது சுமார் 12 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு). பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது 800 லூமன் அளவு. சுடரிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் புத்தகத்தின் மேல் விழுவது ஏறக்குறைய 11 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). தூரத்தை இரட்டிப்பாக்கினால் அது கால் பங்காகிவிடும். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆகவே படிப்பு, தையல், கணக்கு எல்லாம் பகலோடு முடியட்டும். இருட்டிய பின் பேச்சும் பாட்டும் போதும்.

அரிக்கேன் விளக்கு ஏற்றுகிறவர்கள் திரியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக மழுக்கிவிட வேண்டும். ஒரு மூலை உயர்ந்திருந்தால் சுடர் கொம்பு போல எழும்பிக் கண்ணாடியைக் கரியாக்கும். ஏற்றியதும் திரியைத் தாழ்த்தியே வைத்து, கண்ணாடி சூடேறிய பிறகு மெல்ல உயர்த்துங்கள். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். எண்ணெய் முக்கால் அளவு போதும். விளக்கு ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கும் வரை தெரியாமலே போகலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, நோயாளியைக் கவனிப்பவர்கள், அவசரப் பணிக்கு எந்நேரமும் அழைக்கப்படக் கூடியவர்கள், மருத்துவ முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் அன்றைக்கு இதைச் செய்ய வேண்டாம் என்ற குறிப்பையும் தவறாமல் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்