மன்றக் கூட்டத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். பேராக்கில் மாவட்ட மன்ற உறுப்பினராக நீ உட்காரப் போகும் முதல் முழுக் கூட்டத்தில் உள்ளூர் வேலை, வறுமை, பொதுச் சேவை மூன்றையும் ஒரே விவாதமாக வைத்திருக்கிறார்கள் என்றாய். மூன்றையும் மொத்தமாகப் பேசினால், கூட்டக் குறிப்பில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துபோகும். அது நடக்கக் கூடாது என்றுதான் போனில் சொல்லாமல் இதை எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பைப் பார்.

மன்றத்தால் தொழிற்சாலை கட்ட முடியாது. குறைந்தபட்சச் சம்பளம் மத்திய அரசு தீர்மானிப்பது. பள்ளி கல்வி அமைச்சுடையது, மருத்துவமனை சுகாதார அமைச்சுடையது, குழாய்த் தண்ணீர் பேராக் நீர் வாரியத்துடையது. ஆனால் துப்புரவுக் குத்தகை, கடை லைசென், மன்றச் சாலையும் லோங்காங்கும் (சாலையோரச் சாக்கடை), கட்டட, நிலத் திட்ட அனுமதி எல்லாம் மன்றத்தின் கையில்தான் இருக்கின்றன. தோட்டப் பட்டணத்து ஏழையின் அன்றாடம் இவற்றோடுதான் உரசுகிறது. நீ பேச வேண்டியதும் இவற்றைத்தான்.

முதலில் குத்தகை. இங்கே ஜொகூரில் 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 முதல் நடப்பில் இருப்பதால், குப்பையும் சாலை பெருக்குதலும் மன்றத்தின் கையை விட்டுப் போய்விட்டன. பேராக் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அதனால் உன் ஊரில் குப்பை அள்ளுவது, பெருக்குவது, புல் வெட்டுவது எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. ரப்பர் பால்வெட்டும் செம்பனை வேலையும் வெளிநாட்டுத் தொழிலாளரிடம் போன பிறகு, தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்களுக்கு, அதிலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, பட்டணத்தில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான். ஆகவே உள்ளூர் வேலைவாய்ப்பு என்று யாராவது வாயெடுத்தால் துப்புரவுக் குத்தகையின் கோப்பைக் கேள்.

கோப்பில் விலைப் பக்கத்தை விட அட்டவணைப் பக்கம் முக்கியம். ஒரு பத்தியில் சாலைப் பெயர், அடுத்ததில் நீளம், அதற்கடுத்து எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று இருக்கும். பசார் (சந்தை) சாலை தினமும், தாமான் (வீடமைப்புப் பகுதி) சாலை வாரம் இத்தனை முறை என்பது போல. எத்தனை ஆட்கள் என்ற பத்தி இருக்கிறதா என்று பார். பல குத்தகைகளில் இருக்காது. கோளாறே அங்குதான் தொடங்குகிறது. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை ஆறு பேரை வைத்துச் செய்வார்கள். பசார் முகப்பு எல்லார் கண்ணிலும் படும், அதனால் பளிச்சென்று இருக்கும். தாமான் பின்சந்து லோங்காங்கில் மண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டே போகும். மழைக் காலத்தில் முதலில் தண்ணீர் ஏறுவது மலிவு விலை வீடுகளில்தான்.

பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் சிறு முதலாளிகளுக்கும் அதுதான். 60 வயதுக்குட்பட்ட உள்நாட்டவருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். சொக்சோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து முப்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். ஆக ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 1,950. பத்துப் பேருக்கு 19,500. துடைப்பம், தள்ளுவண்டி, கையுறை, லோரி, டீசல், விடுமுறை நாள் சம்பளம், குத்தகையாளரின் லாபம் எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. பத்துப் பேர் வேலைக்கு ஒருவர் 18,000 விலை போட்டு, அதுவே ஆகக் குறைந்த விலை என்று ஏற்கப்பட்டிருந்தால், குறையும் பணம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தோ இபிஎஃப்பிலிருந்தோதான் போகும். அது சிக்கனம் ஆகாது. மன்றமே வறுமையை உண்டாக்குகிறது. அதைக் கூட்டத்தில் இதே எண்களோடு சொல், மா. எண் இல்லாமல் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறாள் என்பார்கள்.

இதற்குத் தீர்வு கடினமில்லை. மாதா மாதம் குத்தகையாளர் பணக் கோரிக்கை அனுப்பும்போது ஆட்களின் பட்டியலும், அந்த மாதத்துக்கு இபிஎஃப், சொக்சோ கட்டிய ரசீதும் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் இல்லை என்று குத்தகையில் எழுத வேண்டும். காலி இடங்களை அரசின் வேலைத் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் போட்டு, மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு முதல் வாய்ப்புத் தரச் சொல்லலாம். நடப்புக் குத்தகையில் இடையில் புகுத்த முடியாவிட்டால், முடியும் தேதியைக் கேட்டு அடுத்ததில் சேர்க்கச் சொல். இன்னொன்றையும் விட்டுவிடாதே: மன்றம் குத்தகையாளருக்கு எத்தனை நாளில் பணம் தருகிறது? அது இரண்டு மூன்று மாதம் இழுத்தால், பெருக்கும் அம்மாவுக்கும் சம்பளம் இழுக்கும். நிதிப் பிரிவிடம் இதைக் கேட்கும் உறுப்பினர்கள் குறைவு.

லைசென் விஷயம் சிறியது போலத் தெரியும், ஆனால் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடும். தோட்ட முச்சந்தியில் காலையில் நாசி லெமாக்கும் அப்பமும் விற்கும் பெண்ணுக்கு லைசென் எங்கே தடைபடுகிறது என்று பார். டைபாய்டு ஊசி (மூன்று ஆண்டுக்கு ஒரு முறை), உணவு கையாள்வோர் பயிற்சி, சுகாதார அமைச்சில் பதிவு, இவற்றுக்கெல்லாம் பணம் கட்டி முடித்துவிட்டு மனுப் போடுவார்கள். அப்புறம்தான் அந்த இடம் பொதுப்பணித் துறையின் சாலை ஒதுக்கு நிலம், மன்றம் தனியாக அனுமதி தர முடியாது என்று பதில் வரும். ஆகவே மனுப் பாரம் கொடுக்கும் முகப்பிலேயே முதலில் இடத்தைச் சரிபார்க்கும் முறை வேண்டும் என்று கேள். மன்றத்தின் கடைகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலையும் கேள். உள்ளாட்சிச் சட்டம் 107-ஆம் பிரிவு, காரணம் சொல்லாமலேயே லைசெனை மீட்டுக்கொள்ளும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரம் உள்வாடகை வாங்குபவரை விட்டுவிட்டு முச்சந்திப் பெண் மேல் மட்டும் பாய்கிறதா என்று கவனி.

இனி தோட்டத்து கேட். சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) விளக்கு இல்லை, சாலை குழி, குப்பை லோரி வருவதில்லை என்று புகார் வந்தால், 'அது தனியார் நிலம்' என்று பதில் வரும். பதில் பொய்யில்லை. ஆனால் பாதிப் பதில். சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசு தரும் மானியம் மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைக்கு மட்டும்தான் வரும். பதிவில் இல்லாத சாலைக்கு ஒரு சென் கிடையாது. எனவே சாலை மோசம் என்று சொல்வதோடு நிற்காதே. எந்த இடத்தில் மன்றச் சாலை முடிந்து தோட்டச் சாலை தொடங்குகிறது, அதில் தமிழ்ப்பள்ளிக்கோ கோயிலுக்கோ பொதுமக்கள் போய் வரும் பகுதி எவ்வளவு, அதைத் தோட்டம் அரசிடம் ஒப்படைக்கச் சம்மதிக்குமா, ஒப்படைத்தால் மாரிஸில் சேர்க்க எத்தனை காலம் பிடிக்கும் என்று பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேள்.

தொழிலாளர் குடியிருப்புக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. லயத்துக்குத் தண்ணீர், மின்சாரம், வீடு பழுதுபார்ப்பு எல்லாம் முதலாளியின் கடமை. கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. மன்றம் அவர்களுக்குக் கடிதம் அனுப்பலாம், கூட்டு ஆய்வுக்கு அழைக்கலாம். யாருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது என்பதையும் தெரிந்துகொள்: ஓய்வு பெற்ற பிறகும் லயத்திலேயே இருப்பவர்கள். அவர்கள் இப்போது தொழிலாளர் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. உன் பகுதியில் அப்படி எத்தனை குடும்பம் என்று முதல் மாதத்திலேயே வீடு வீடாக எழுதி வை.

தோட்டம் விற்பனைக்கு வரும்போது அந்தப் பட்டியல் உதவும். 40 எக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு. அது மாநில அளவில் நடப்பது, உன் மேசைக்கு வராது. வருவது அடுத்த கட்டம், நிலத் திட்ட அனுமதி. லயத்து மக்களுக்கு மாற்று வீடு, கோயில், இடுகாடு, பள்ளிக்குப் போகும் வழி எல்லாம் நிபந்தனையாக எழுதப்படுவதானால் அந்த அனுமதியில்தான் எழுதப்பட வேண்டும். மேம்பாட்டாளர் வாயால் தரும் வாக்கு எதற்கும் உதவாது. 'தொழிலாளர் வீடு' என்று பொதுவாக எழுதினாலும் போதாது. எத்தனை வீடு, எந்த லாட் (மனை), எந்தக் கட்டம் முடிவதற்குள் சாவி கொடுக்க வேண்டும் என்று இருக்க வேண்டும். முதலில் விற்பனை வீடுகளைக் கட்டி முடித்துவிட்டு மாற்று வீட்டைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினால், அந்தக் கடைசிக் கட்டம் வராமலே போவதுண்டு.

வறுமைக் கணக்கில் ஒன்று மட்டும். 2022-இல் நாட்டின் சராசரி வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். குடும்பத்தில் ஒருவர் மட்டும் 1,700 சம்பாதித்தால், முழு நேர வேலை இருந்தும் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான். வேலை கொடுத்துவிட்டோம், வறுமை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இகாசே என்ற வறியோர் பதிவை மாவட்ட அலுவலகம் பார்க்கும். பதிந்தால் மட்டும் போதாது, வீட்டுக்கு வந்து சரிபார்த்த பிறகுதான் பெயர் நிற்கும். லயத்தில் வீட்டு எண் சரியாக இல்லாமல் அதிகாரி திரும்பிப் போவதும், குடும்பத் தலைவர் இறந்த பிறகு பதிவை மாற்றாமல் விடுவதும்தான் பெயர்கள் விட்டுப்போகக் காரணம். மன்றத்தின் பங்கு மதிப்பீட்டு வரியில் (வீட்டு வரி). பிப்ரவரி, ஆகஸ்ட் இறுதிக்குள் கட்டத் தவறினால் 'ஈ' நோட்டீஸ், பிறகு சாமான்களைக் கைப்பற்றும் வாரண்ட் என்று போகும். வாரண்டுக்கு முன்னால் தவணையில் கட்டும் வாய்ப்பைத் தமிழிலும் சீனத்திலும் சொல்லும் ஒரு தாள் நோட்டீஸோடு போக வேண்டும் என்று கேட்டு வாங்கு.

கூட்டம் நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி உன்னை மாநில அரசு நியமித்திருக்கிறது. ஊரார் உன்னை ஓட்டால் நீக்க முடியாது, அதனால் அவர்கள் உன்னை நேரில் பார்க்க வழி செய். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. தாமான் மக்களை அழைத்து வா. ஆனால் செயற்குழுக் கூட்டங்கள் அப்படித் திறந்தவை அல்ல, முடிவுகள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். நிதிக் குழுவிலோ லைசென் குழுவிலோ இடம் கேள். நமக்குச் சொந்தக்காரர் யாராவது குத்தகை கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு அந்த விவாதத்திலிருந்து எழுந்து போ.

தீர்மானத்தை நீயே மலாயில் எழுது. ஒரே விஷயம், ஒரே பிரிவு, ஒரே தேதி. இப்படி: 'அடுத்த துப்புரவுக் குத்தகை முதல், ஆள் எண்ணிக்கை குறிப்பிடப்பட வேண்டும், இபிஎஃப், சொக்சோ ரசீது மாதக் கோரிக்கையோடு இணைக்கப்பட வேண்டும், நகரச் சேவைப் பிரிவு அடுத்த முழுக் கூட்டத்தில் வரைவைத் தாக்கல் செய்ய வேண்டும்.' தேதி போட்டால்தான் அடுத்த கூட்டத்தில் முந்திய குறிப்பிலிருந்து எழும் விஷயமாக அது தானே திரும்பி வரும். குறிப்பை ஏற்கும் முன் உன் வரி அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று படித்துப் பார்.

தீர்மான நோட்டீஸை எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பது மன்றத்தின் கூட்ட விதியில் இருக்கும். நாளைக்கே செயலாளர் அலுவலகத்துக்குப் போய் அதன் பிரதி ஒன்றை வாங்கு. அட்டவணையோடு நடப்புத் துப்புரவுக் குத்தகையையும் அப்போதே கேள். கொடுக்கத் தயங்கினால் வாய்மொழியாக விட்டுவிடாமல் கடிதமாக எழுதிக் கொடு. கிடைத்ததும் படம் எடுத்து அனுப்பு, கணக்கை நானும் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா