ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அந்த நாட்டுக்காரர்களை வெறுக்காதவனுக்கு நாட்டுப்பற்றே கிடையாது, அக்கா" என்றாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. ஆற அமர எழுதுகிறேன்.

ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்சின் எல்லை ஊர்; ரைன் நதியைத் தாண்டினால் ஜெர்மனி. இங்கே ரிபப்ளிக் சதுக்கத்தில் ஒரு போர் நினைவுச் சிலை இருக்கிறது. தினமும் டிராமுக்கு அதன் அருகில்தான் நிற்பேன். ஒரு தாய், உயிர் பிரியும் நிலையில் அவள்மேல் சாய்ந்து கிடக்கும் இரண்டு மகன்கள். ஒருவன் பிரான்சுக்காகப் போரிட்டவன், மற்றவன் ஜெர்மனிக்காக. எவன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. சிற்பி இருவருக்கும் சீருடை அணிவிக்கவில்லை. பிரான்சின் மற்ற ஊர்களில் இத்தகைய சின்னங்களில் "பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்" என்று பொறித்திருப்பார்கள். 1936இல் திறந்த இந்தச் சிலையில் "எங்கள் இறந்தோருக்கு" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். முதல் உலகப் போரில் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜெர்மன் சீருடையில் செத்தவர்கள். வேறு என்ன எழுத முடியும்?

1871இல் இந்த ஊர் ஜெர்மனிக்குப் போனது. 1918இல் பிரான்சுக்கு வந்தது. 1940இல் மறுபடி ஜெர்மனி. 1944 நவம்பரில் மறுபடி பிரான்ஸ். என் மாடியில் குடியிருக்கும் பாட்டியின் அப்பாவை 1942க்குப் பிறகு ஜெர்மன் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்த்தார்கள். இந்த ஊர் இருக்கும் அல்சாஸிலும் பக்கத்து மொசெல் பகுதியிலுமாக அப்படி இழுத்துச் செல்லப்பட்டவர்கள் சுமார் 1,30,000 பேர். தப்பி ஓடினால் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர் திரும்பி வரவில்லை. சீருடை போட்ட அந்த ஒரே புகைப்படத்தைப் பாட்டி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஒருமுறை எடுத்துக் காட்டினார். விரலால் சீருடையை மறைத்து, முகத்தை மட்டும்.

தம்பி, அந்த விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வெறுப்பு நம்மிடம் வரும்போது கடமை வேடத்தில் வருகிறது. செத்த நம்மவர்களுக்கு நாம் பட்ட கடன் என்று தோன்றுகிறது. அதனால்தான் நல்லவர்களைக்கூட எளிதில் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் ஆற்றுக்கு இந்தக் கரையில் அறமாக இருப்பது அந்தக் கரையில் அநியாயமாகிவிட்டால், அதை அறம் என்று எப்படிச் சொல்வது? எதிரியின் பிள்ளைக்கு நடந்தாலும் அநியாயம் என்று என்னால் சொல்ல முடிகிறதா? இந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. தன் அப்பாவை அனுப்பியவர்களைப் பாட்டி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவருடைய பேத்தி ரைன் நதிக்கு அப்பால் கேல் ஊரில் ஒரு ஜெர்மானியரை மணந்து வாழ்கிறாள். செய்தவனையும் அவன் மொழி பேசும் எல்லோரையும் பாட்டி ஒன்றாகக் கட்டிவிடவில்லை.

1916இல் வெர்டன் போரில் காயம்பட்டு ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர், பின்னாளில் பிரான்சின் அதிபரான டி கோல். அவரே 1963 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடினாவருடன் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 2017 முதல் இங்கிருந்து டிராமே கேல் வரை போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியை அதில் ஏற்றிவிடுவது என் வேலை.

அடுத்த முறை பேசும்போது எனக்கு ஒன்று சொல். அவர்களை வெறுக்கத் தொடங்கியபோது உனக்கு என்ன வயது? அவர்களில் ஒருவரையாவது அதற்குமுன் பார்த்திருந்தாயா?

அன்புடன்,
அக்கா