ஓடுகிற கருவியை ஓடவிடுங்கள்: ஃபிலிம் ஸ்கேனர் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கும், இந்தியப் பிரிவில் சர்வீஸ் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தது. நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நான் வைத்திருக்கும் ஃபிலிம் ஸ்கேனரின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது, புதிய விண்டோஸுக்கு டிரைவர் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) வெளியிடும் திட்டம் இல்லை, எங்கள் புதிய தயாரிப்புகளைப் பார்வையிடவும் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே கேமராக்கள் இருக்கும் பக்கத்துக்கு ஒரு லிங்க். நான் கேமரா கேட்கவில்லை. கையில் இருக்கிற கருவியைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்ட வழி கேட்டேன். இதற்கு முன் ஆங்கிலத்தில் எழுதியபோதும் இதே பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் இதைப் படித்து மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 35 எம்.எம். ஸ்ட்ரிப், அதைவிட அகலமான 120 ரோல் ஃபிலிம் இரண்டையும் எடுத்துக்கொள்ளும், 4000 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளி) தரும், ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிளில் இணையும் அதே மாடல். கல்யாண வேலையெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் கடன் வாங்கி அதை வாங்கினேன். அப்பா காலத்து நெகட்டிவ்களும் என் காலத்து நெகட்டிவ்களும் ஸ்டூடியோவில் அலமாரி அலமாரியாக இருந்தன. அவற்றை ஒழுங்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பதற்காக வாங்கினேன். நீங்கள் செய்த பொருள் நல்ல பொருள். இதை மனதாரச் சொல்கிறேன். மோட்டார் இன்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிறது. விளக்கு எல்.இ.டி. என்பதால் மங்கவில்லை. உள்ளே கண்ணாடியில் தூசி படிந்தால் எங்கள் ஊர் கேமரா மெக்கானிக் பிரித்துத் துடைத்துத் தந்துவிடுவார். கருவியில் ஒரு குறையும் இல்லை. ஆயுட்காலம் முடிந்தது என்று நீங்கள் சொல்வது எதை வைத்து என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கம் நெகட்டிவுக்கு என்ன மதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை போனது, கூரை போனது, எல்லாரும் பேசினார்கள். ஆல்பங்கள் போனதை யாரும் பேசவில்லை. பீரோவுக்கு மேலே, பரண்மேலே பையில் கட்டி வைத்திருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறிப்போய் ஸ்டூடியோவுக்கு வந்தன. நனைந்த பிரிண்ட் காயும்போது எதிரில் இருக்கிற பிரிண்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தால் பேப்பர் கையோடு வரும், முகம் எதிர்ப் பக்கத்தில் போய்விடும். தாலி கட்டுகிற படத்தில் பட்டுப்புடவையும் மாலையும் இருக்கும், பெண்ணின் முகம் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை இருக்கும். அப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நெகட்டிவ் இருக்குமா?" என்று கேட்டார்கள். இருந்தது. பட்டர் பேப்பர் உறையில், தேதி எழுதி, வரிசையாக இருந்தது. உங்கள் ஸ்கேனர்தான் அவற்றைத் திரும்ப எடுத்துத் தந்தது. இறந்துபோன தகப்பனார், கல்யாணத்துக்கு வந்திருந்த பாட்டி, வேறெங்கும் படமே இல்லாத மனிதர்கள் பலர் அந்த நெகட்டிவ்களில்தான் இருந்தார்கள். அடுத்த புயலுக்குப் பிறகு இதே கேள்வியோடு யாராவது வந்தால் நான் என்ன சொல்வது? நெகட்டிவ் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது, டிரைவர் இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்?

இத்தனை வருடமும் விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட பழைய சிஸ்டம் ஒன்றை இந்த ஸ்கேனருக்காகவே காப்பாற்றி வந்தேன். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.யைக் கைவிட்டதிலிருந்து அதில் இன்டர்நெட் இணைப்பே தருவதில்லை. ஸ்கேன் செய்து, பென் டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன். 120 ரோலில் ஒரு சதுரப் படத்தின் பக்கம் 56 மில்லிமீட்டர். 4000 டி.பி.ஐ.யில் அது ஒரு பக்கத்துக்கு 8800 பிக்சல் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட்டில் சேமித்தால் ஒரே படம் ஏறக்குறைய 450 எம்.பி. அந்தக் காலத்து 32 பிட் விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேருக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் மெமரி 2 ஜி.பி. அதனால் ஒரு ஸ்ட்ரிப்பை மொத்தமாகக் கொடுத்தால் உங்கள் சாஃப்ட்வேர் பாதியில் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு படமாகத்தான் எடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன், உங்களிடம் புகார் சொன்னதில்லை.

கடைசியில் அந்த சிஸ்டத்தின் மதர்போர்டு போய்விட்டது. கெபாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டு விற்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எக்ஸ்.பி. ஏற்கும் போர்டு கிடைத்தால் அதற்கேற்ற ராம் கிடைக்கவில்லை. இரண்டும் கிடைத்தாலும் எத்தனை மாதம் தாங்கும் என்று கடைக்காரரே உறுதி சொல்லவில்லை. அதனால்தான் புது சிஸ்டம் வாங்கினேன். இனி எக்ஸ்.பி.யிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபயர்வயர் கார்டு ஒன்றை வாங்கிப் புது சிஸ்டத்தில் பொருத்தினேன். ஸ்கேனரை ஆன் செய்தால் விண்டோஸ் 11 அதைக் காண்கிறது, ஆனால் தெரியாத கருவி என்று காட்டுகிறது. விண்டோஸ் 11 வந்ததே 64 பிட்டில் மட்டும்தான். 32 பிட் சாஃப்ட்வேரை அது ஓட்டும், 32 பிட் டிரைவரை ஏற்காது. 64 பிட் டிரைவர் என்றால், இதை வெளியிட்டது இன்ன நிறுவனம்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இதுதான் விதி, நேற்று வந்ததல்ல. ஆனால் உங்கள் தளத்தில் இருக்கிற கடைசி டிரைவர் 32 பிட்டோடு நின்றுவிட்டது.

உங்கள் பழைய டிரைவர் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு ஐ.என்.எஃப். கோப்பு இருக்கிறது. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சின்னக் கோப்பு. இந்த எண் உள்ள கருவி வந்தால் இந்த டிரைவரோடு சேர் என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது சேர்க்கச் சொல்லும் டிரைவரும் உங்களுடையது அல்ல, விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற பொதுவான ஸ்கேனர் டிரைவர்தான். 64 பிட்டுக்கான சில வரிகளை அதில் சேர்த்தேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 7ஐ அழுத்திக் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு நிறுவினேன். ஸ்கேனர் பேசியது. பிறகு விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்தது, பழையபடி தெரியாத கருவி ஆகிவிட்டது. திரும்பவும் ஷிஃப்ட், ரீஸ்டார்ட், 7.

தொழில் செய்கிற இடத்தில் கம்ப்யூட்டரின் பாதுகாப்பை நிறுத்தி நிறுத்தி வேலை பார்க்க முடியுமா? அதே சிஸ்டத்தில்தான் வாடிக்கையாளர்களின் படங்களும் என் பில் கணக்கும் இருக்கின்றன. இதில் குறைவது உங்கள் கையொப்பம் மட்டும்தான். புதிதாக ஆராய்ச்சி வேண்டாம், புதிதாகக் கருவி வடிவமைக்க வேண்டாம். உங்கள் பொறியாளர் ஒருவர் அந்தச் சின்னக் கோப்பைத் திருத்தி, சோதித்து, நிறுவனத்தின் பெயரில் கையொப்பம் வாங்கி வெளியிட்டால் போதும். அதைத்தான் கேட்கிறேன்.

பழைய ஸ்கேனர்களை ஓட்டித் தரும் வியூஸ்கேன் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது, நானும் வாங்கி வைத்திருக்கிறேன். 1998லிருந்து எட் ஹாம்ரிக் அதை எழுதிவருகிறார். கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களுக்கு உயிர் கொடுத்தவர், அவருக்கு என்னைப் போன்றவர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சிறு குடும்ப நிறுவனம் எத்தனை காலம் சுமக்கும்? கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு நெகட்டிவைப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். எடுக்கலாம், கருப்பு வெள்ளைக்கு அப்படித்தான் எடுக்கிறேன். கலர் நெகட்டிவில் அது போதாது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் நெகட்டிவில் ஃபங்கஸ் வலை பின்னியிருக்கும், மேலே தூசி, கீறல். உங்கள் கருவி அகச்சிவப்புக் கதிரால் ஒரு தடவை தனியாகப் பார்த்து, கலர் சாயத்தைத் தாண்டி, தூசியும் கீறலும் எங்கே என்று கண்டுபிடித்து நீக்கும். கேமராவில் எடுத்தால் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு புள்ளியாக மவுஸை வைத்து டச்சிங் செய்ய வேண்டும். ஒரு குரூப் போட்டோவில் நாற்பது முகம் இருக்கும், ஒவ்வொரு முகத்திலும் புள்ளி இருக்கும். நூறு ரூபாய்க்குப் பிரிண்ட் கேட்டு வருகிறவருக்கு இதை எப்படிச் செய்து கொடுப்பது?

டிரைவர் தர முடியாது என்பதுதான் உங்கள் முடிவு என்றால், இரண்டாவது வழி ஒன்றைக் கேட்கிறேன். கருவியோடு பேசும் கட்டளைகளின் விவரத்தை வெளியிடுங்கள். ஸ்கேன் செய், பரப்பைக் குறி, படத்தைப் படித்துக் கொடு என்ற அடிப்படைக் கட்டளைகள், கம்ப்யூட்டர் கருவிகளோடு பேசுவதற்கான ஸ்கஸி தரத்தில் ஏற்கெனவே பொதுவில் இருப்பவைதான். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஹோல்டரில் படத்தின் இடம் ஆகியவற்றுக்கு நீங்களாகச் சேர்த்த கட்டளைகளைத்தான் கேட்கிறேன். தூசி நீக்கும் மென்பொருள் வேறு நிறுவனத்துடையது என்று காரணம் சொல்வீர்கள். சரி. டிஜிட்டல் ஐஸ் என்ற அந்த மென்பொருளை உருவாக்கியது அப்ளைடு சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்பதும், அதை 2003ல் கோடாக் வாங்கியது என்பதும் தெரியும். அடுத்தவர் சொத்தைத் தரச் சொல்லவில்லை. அகச்சிவப்புப் படத்தை அப்படியே எடுத்துத் தரும் கட்டளை மட்டும் போதும். மீதியை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஸ்கேனர்களுக்காக உழைக்கும் சேன் திட்டத்தார் போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கருவியின் கட்டளைகளை வைத்து உங்களோடு போட்டி போட யாரும் வரப்போவதில்லை. இந்த வகை ஸ்கேனரை நீங்களே இப்போது செய்வதில்லையே.

தாமதம் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆப்பிள் 2025ல் வெளியிட்ட மேக் ஓ.எஸ். டஹோவிலிருந்து ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. லினக்ஸில் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிக்கிறவர் 2029 வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் ஃபிலிமும் காத்திருக்காது. பழைய நெகட்டிவ்களில் இருக்கும் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும், பிறகு சுருங்கி வளைந்துவிடும். சிதைவில் வருகிற அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். எங்கள் அலமாரியில் சில உறைகளைத் திறந்தால் அந்த வாடை வர ஆரம்பித்துவிட்டது.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிரிண்டர், போன், டி.வி. எல்லாவற்றிலும் இதே கதைதான். பொருளுக்குக் காசை நாம் கொடுக்கிறோம், அது எப்போது சாக வேண்டும் என்பதை விற்றவர் முடிவு செய்கிறார். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு தளம் தொடங்கியது. வேளாண் கருவிகள், மொபைல், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதில் என் ஸ்கேனருக்கு இடமில்லை, பழுதே ஆகாத கருவியை மென்பொருள் இல்லாமல் முடக்கிப் போடுவதைப் பற்றிப் பேச்சும் இல்லை. மின்கழிவை ஒழுங்காக அப்புறப்படுத்தச் சட்டம் போடுகிறோம், நல்ல கருவி கழிவாக மாறாமல் தடுக்கச் சட்டம் இல்லை. இது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. அந்த ஆத்திரத்தை முழுக்க உங்கள் தலையில் கொட்டுவது முறையல்ல, அதனால் என் வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கையொப்பமிட்ட 64 பிட் டிரைவரை வெளியிடுங்கள். அது முடியாது என்றால் கட்டளைகளின் விவரத்தை வெளியிடுங்கள். இலவசமாகத்தான் தர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, நியாயமான விலை சொல்லுங்கள், கட்டுகிறேன். டிரைவரைச் சோதித்துப் பார்க்க ஓடுகிற கருவி வேண்டும் என்றால் என்னுடையதைத் தருகிறேன், ஸ்டூடியோவுக்கே வந்தும் பார்க்கலாம். இரண்டில் எது முடியும், எந்த மாதத்துக்குள் முடியும் என்பதைப் பொறுப்பில் உள்ள ஒருவர் தம் பெயரைப் போட்டு எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கம் ஸ்டூடியோ நடத்தும் உங்கள் பழைய வாடிக்கையாளர்