அச்சாரம் எந்தக் கரையிலிருந்து வந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கொரிய பாப் இசைக் குழுக்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சொந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பெயர் தெரியாத குழுக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரங்கம் நிறைய ஆள் சேர்ப்பதை வெற்றி என்று கொள்ளலாகாது என்பது கட்டுரையாளரின் முடிவு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவர் அந்த முடிவுக்கு வந்த வழி எனக்கு ஒப்பவில்லை. கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நாயனக்காரர் வீட்டில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கொரியப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். விடுமுறைக்கு வந்து எங்கள் திண்ணையைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பேத்தியிடம் பாடம் கேட்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இட்டிலித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கைப்பேசியுடன் அவள் திண்ணையின் கிழக்கு மூலைக்கு ஓடினாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஏட்டீஸ் என்னும் எட்டுப் பேர் கொண்ட குழுவின் புதிய ஆல்பம் அந்த நிமிடத்தில் வெளியாகிறதாம். அதென்ன ஒன்பதரை என்று கேட்டதற்கு அவள் சொன்ன கணக்கு என்னை வியக்க வைத்தது. நமக்கு ஒன்பதரை என்றால் சியோலில் பிற்பகல் ஒரு மணி. கோடைக்கால நேரப்படி நியூயார்க்கில் சரியாக நள்ளிரவு. எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது, எவ்வளவு கேட்கப்பட்டது என்று வாரந்தோறும் வரிசைப்படுத்தும் அமெரிக்க பில்போர்ட் பட்டியலுக்கான வாரம் வெள்ளிக்கிழமையில்தான் தொடங்குகிறது. கொரியாவில் பாட்டு வெளியிட வழக்கமான நேரம் மாலை ஆறு மணி, அதாவது அங்குள்ளவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் நேரம். அதை விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டை முடித்து வேலைக்குத் திரும்பும் ஒரு மணிக்குப் பாட்டை வெளியிடுகிற நிறுவனம் யாருக்காக வாசிக்கிறது என்பதற்கு அந்தக் கடிகாரமே சாட்சி.

இது வீம்புக்காகச் செய்வதல்ல. தென் கொரியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து கோடியே பத்து இலட்சம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டுமே ஏழு கோடியே இருபது இலட்சம் பேர். நம் மாநிலத்தைவிடச் சிறிய சந்தைக்குள் ஆண்டுதோறும் புதிது புதிதாகக் குழுக்கள் இறங்கினால், பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும் நடன ஆசிரியருக்கும் போட்ட பணம் உள்நாட்டிலேயே திரும்பி வருவது கடினம். அதனால்தான் போவா என்ற பாடகிக்கு ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொடுத்து 2001-இல் அந்நாட்டில் அறிமுகம் செய்தார்கள். மறு ஆண்டே அவருடைய ஆல்பம் அங்குள்ள ஓரிகான் என்னும் இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உலகின் இரண்டாவது பெரிய இசைச் சந்தை பக்கத்து வீடாக இருக்கும்போது வாசலை மூடி வைத்திருப்பார் யார்? வெளிநாட்டு இரசிகர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று கட்டுரையாளர் சொல்வது சரியல்ல. கால் நூற்றாண்டாக அந்தத் தொழிலின் வரவு செலவில் அவர்களுக்கும் ஒரு பத்தி இருந்து வருகிறது.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1998-இல் ‘முத்து’ திரைப்படம் ஜப்பானில் ஓடியபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ரஜினிகாந்துக்கு ஜப்பானில் கிடைத்தது வட்டி, முதல் இங்கேயே இருந்தது. ஏட்டீஸ் போன்ற குழுக்களுக்கு வெளிநாடுதான் முதல். 2018 அக்டோபரில் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து அறிமுகமான அவர்கள், ஆறு மாதம் நிறையுமுன்பே, 2019 மார்ச்சில் அமெரிக்காவிலும் அடுத்து ஐரோப்பாவிலும் மேடையேறினார்கள். 2023 டிசம்பரில் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடம். 2024-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா. தாய்நாட்டில் அன்றாடம் அதிகம் கேட்கப்படும் பாடல்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இதற்கு நிகரான உயரத்தில் நின்றதில்லை என்பதை என் பேத்தியே ஒத்துக்கொள்கிறாள், சற்று வருத்தத்தோடு.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நாயனம் வாசித்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்த பிறகும் எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு நாயனக்காரரையும் அவர் அளவுகோலை வைத்தே எடைபோட்டுக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு இங்கே கிடைத்தவை கல்யாண மேளங்களும், திருவிழாவில் பெரிய செட்டுகள் வாசித்து முடித்துக் கூட்டம் கலைந்த பின் வரும் பின்னிரவு நேரமுந்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக் கோவில் ஒன்றிலிருந்து 1968 முதல் 1982 வரை, ஓராண்டு தவறாமல், அவருக்கு அழைப்பு வந்தது. ராமேஸ்வரம் வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். திரும்பி வரும்போது, நாயனத்தின் ஊதுநாக்கான சீவாளியை வைக்கும் பெட்டிக்குள் அங்கு போர்த்திய பொன்னாடையின் சரிகை நூல் ஒன்றாவது சிக்கியிருக்கும். ஊரில் டீக்கடையில் அவரை ‘அக்கரை நாயனம்’ என்று கேலி பேசியவர்கள் உண்டு. அப்பா அதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டார். ஒரே ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னார்: “மொத வருஷம் கூப்பிடறது யாரோ சொல்லிக் கூப்பிடறது. மறு வருஷம் அச்சாரம் வந்தாத்தான்டா நம்ம வாசிச்சோம்னு அர்த்தம்.”

அதே கடலை எதிர்த்திசையில் தாண்டி வந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தஞ்சைச் சீமையே விடிய விடிய விழித்திருந்தது. அவருக்கு இங்கே கிடைத்த பெயரை வெளிநாட்டுப் புகழ் என்று யாரும் கழித்துவிடவில்லை. கொரியர்களுக்கு மட்டும் வேறு தராசு எதற்கு?

ஆகவே என் கேள்வி, எந்த நாட்டில் என்பதல்ல. மறு அச்சாரம் வந்ததா என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டால், கட்டுரையாளர் ஒரே மூட்டையில் கட்டிய பல சங்கதிகள் தனித்தனியே பிரிகின்றன. பில்போர்ட் ஆல்பம் பட்டியலின் முதலிடத்தை நான் முழு வெற்றியாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அந்தக் கணக்கில் கடையில் விற்கும் ஓர் ஆல்பம் ஒன்று என எண்ணப்படுகிறது. இணையத்தில் கேட்பதென்றால் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் கேட்டால்தான் அது ஓர் ஆல்பத்துக்கு ஈடு. ஒரே ஆல்பத்தைப் பல அட்டைகளில் அச்சிட்டு, உள்ளே யாருடைய படம் வரும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் வகையில் சிறு படங்களை வைத்து விற்கிறார்கள். இரசிகை ஒருத்தி தனக்கு வேண்டியவரின் படம் கிடைக்கும்வரை வாங்குகிறாள். என் பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இல்லை, அத்தகைய படம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கணக்கு வாத்தியாரான எனக்கு இது உவப்பானதல்ல. முதல் வாரம் உச்சியில் இருந்த ஆல்பம் அடுத்தடுத்த வாரங்களில் வேகமாக இறங்கிவிடுவது இதனால்தான். ஆனால் ஒரு நகரத்துக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகிறபோதும் அரங்கத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக முடிகிறதென்றால், அது உறைக்குள் வைத்து விற்ற படத்தால் நடப்பதல்ல.

ஒரே ஒரு பாட்டு உலகம் முழுக்கப் பரவுவதும் வேறு சங்கதி. ஃபிஃப்டி ஃபிஃப்டி என்ற நால்வர் குழு 2022 நவம்பரில் அறிமுகமானது. 2023 பிப்ரவரியில் வெளியான அவர்களுடைய ‘கியூபிட்’ பாட்டு, டிக்டாக்கில் பரவி, அமெரிக்காவின் முதல் நூறு பாடல்கள் பட்டியலில் 17-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு ஜூனில் குழுவினர் தம் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள்; ஆண்டு முடியுமுன் நால்வரில் ஒருவர் மட்டுமே அந்த நிறுவனத்தில் எஞ்சினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாடியவர்கள் மேடையில் இல்லை. பாட்டின் வெற்றியைக் குழுவின் வெற்றியாக எழுதிவிடக் கூடாது என்பதில் கட்டுரையாளரோடு நான் உடன்படுகிறேன்.

உள்நாட்டுச் செல்வாக்கே உரைகல் என்று அவர் சொல்வதற்கும் என்னிடம் மறுப்பு உண்டு. பிரேவ் கேர்ள்ஸ் குழுவின் ‘ரோலின்’ பாட்டு 2017-இல் வெளிவந்தபோது அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இராணுவ முகாம்களில் அவர்கள் ஆடிய காட்சிகளை ஒருவர் தொகுத்து யூடியூபில் ஏற்றியதும், 2021-இல், குழு கலையவிருந்த நேரத்தில், அதே பாட்டு நாட்டின் முதல் பாட்டாயிற்று. நான்கு ஆண்டுகள் உள்ளூர்க் காது கேட்காமல் இருந்ததே, அந்த நான்கு ஆண்டுகளும் பாட்டு மோசமாகவா இருந்தது? இன்னொரு பக்கம், ட்ராட் என்னும் பழைய பாணிப் பாட்டைப் பாடும் லிம் யங்-வூங் இருக்கிறார். 2020-இல் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அவர், 2024 மே மாதம் சியோல் உலகக் கோப்பை அரங்கத்தையே நிரப்பினார். அவருடைய இரசிகர்களில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் மிகுதி. கொரியாவைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசும் என் பேத்திக்கு அவர் பெயர் தெரியவில்லை. அவர் வெற்றி பெற்றவர்தான். அவருக்குப் பாரிசிலிருந்து அழைப்பு வரவில்லையே என்று எவரும் குறை சொல்வதில்லை. அப்படியிருக்க, பாரிசிலிருந்து அழைப்பு வந்தவர்களைப் பார்த்து மட்டும் சொந்த ஊரில் உன் பெயர் தெரியுமா என்று கேட்பது ஏன்?

கொரிய அரசுக்கே இதில் தெளிவு இருந்ததில்லை. ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஆண்களுக்கும், பன்னாட்டுச் செவ்வியல் இசைப் போட்டிகளில் வென்றவர்களுக்கும் முழுநேர இராணுவ சேவைக்கு ஈடாக மாற்றுப் பணி தரும் சட்டம் அங்கே உண்டு. 2020-இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த பி.டி.எஸ். குழுவுக்கு அந்தச் சலுகை இல்லை. முப்பது வயதுவரை சேவையைத் தள்ளிப்போட மட்டும் அவ்வாண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் குழுவின் மூத்தவர் இராணுவத்தில் சேர்ந்தார். நாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனவர்கள் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, ஏட்டில் எழுதும்போது பேனா தயங்கியது.

கட்டுரையாளர் பக்கம் இருக்கும் பாதி உண்மைக்கு வருகிறேன். அக்கரை அச்சாரம் நிலையானதல்ல. வொண்டர் கேர்ள்ஸ் குழு 2009-இல் அமெரிக்காவுக்குப் போய், அங்குள்ள முதல் நூறு பாடல்களில் 76-ஆம் இடம் பிடித்தது. கொரியக் குழு ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. அவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அவர்கள் இருந்த இடத்தில் மற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2016-இல் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்றை நிறுவத் தென் கொரியா ஒப்புக்கொண்டதும், சீனாவில் கொரியக் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நின்றுபோயின. எழுத்தில் ஆணை எதுவும் வெளியாகவில்லை. மேடைகள் மட்டும் இல்லாமற்போயின. பாடியவர்களும் கேட்டவர்களும் ஒரு பிழையும் செய்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கான அச்சாரம் சித்திரை மாதமே ஆள் மூலம் வந்துவிட்டது, நூற்றியோரு ரூபாய். ஜூலையில் அங்கே கலவரம் மூண்டது. ஆவணியில் அப்பா போகவில்லை, பிறகு போகவே இல்லை. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை, வழியும் இல்லை. அந்த நூற்றியோரு ரூபாயை அவர் செலவழிக்காமல் மஞ்சள் துணியில் முடிந்து சீவாளிப் பெட்டியில் வைத்திருந்தார். சென்ற மாதம் அதைப் பேத்தியிடம் எடுத்துக் காட்டினேன். முடிச்சை அவிழ்க்காமலே கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப கொள்ளுத் தாத்தா அவங்களுக்கு இன்னும் ஒரு கச்சேரி பாக்கி வச்சிருக்காங்க” என்றாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.