ஐந்தாம் வகுப்பு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

இன்னும் சில நாட்களில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவீர்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஊராரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. இன்னொரு ஆசிரியை மருத்துவ விடுப்பில் போனதும், டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை ஐந்து வகுப்புகளையும் நான் ஒருத்தியே பார்த்தேன். மாற்று ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை. அதை விடுவோம். நீங்கள் ஏழு பேர் வந்தீர்கள்.

தொடங்கியது காலை உணவில். பொங்கலில் மிளகு கடிபட்டால் முதல் வகுப்புக் குட்டிகள் தட்டையே தள்ளிவிடுவார்கள். உங்களில் ஒருத்தி, யாரும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்து, மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "இப்போது எத்தனை, எண்ணு" என்றாள். தொடக்க வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து எத்தனையோ பயிற்சிகளுக்குப் போய்வந்திருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை.

மறுநாளே ஆளுக்கு நான்கு குழந்தைகளைப் பிரித்துக் கொடுத்தேன். தினமும் அரை மணி நேரம். முதல் வாரம் உங்களைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்கேலால் தரையைத் தட்டுவது, போடாத மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைப்பது, "நேற்றுதானே சொன்னேன்?" என்று அலுத்துக்கொள்வது, எல்லாம் நான். அந்த வாக்கியத்தை அன்றோடு விட்டுவிட்டேன். பெரும்பாலும்.

உங்களில் ஒருவனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வாய்விட்டு வாசிக்கும் முறை தன்னிடம் வரும்போதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருக்கும். அவன் ஒரு மாலை, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டான். "பாப்பாவுக்கு நாளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், டீச்சர்." அதன்பின் தினமும் ஒரு பக்கம் வீட்டுக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பாப்பாவுக்கு ண, ன குழப்பம். மூன்று சுழி, இரண்டு சுழி என்று நானும் மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தவள்தான். இவன் ஒரு டம்ளர் தண்ணீரோடு வராந்தாவில் உட்கார்ந்து, விரலைத் தொட்டுத் தொட்டு சிமெண்ட் தரையில் எழுதச் சொன்னான். "தப்பாக எழுதினாலும் காய்ந்துவிடும். பயப்படாதே." மார்ச் மாதம் நான்காம் வகுப்புப் பாடம் ஒன்றை முழுதாக வாசித்தான். தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஏற்பாடுதானே இது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆமாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு இருந்தது. உங்கள் கையில் டம்ளர்.

உங்கள் பெற்றோருக்கும் நன்றி. "எங்கள் பிள்ளை படிக்க வருகிறதா, பாடம் நடத்த வருகிறதா?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அரை மணி நேரத்தைத் தாண்டாமல் நான் காத்தது அவரால்தான். சமையல் அம்மாக்களுக்கும் நன்றி. குட்டிகளுக்காக இப்போது மிளகைப் பொடித்தே போடுகிறார்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டைக்கு மாறிவிட்டோம்.

ஒரு விஷயம். நூலக அலமாரிச் சாவி உங்களில் யாரிடமோதான் இருக்கிறது. போவதற்குள் கொடுத்துவிடுங்கள். நான்காம் வகுப்பில் மூன்று பேர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்