வாகைக்குளத்துக்கு இணைப்புப் பேருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது, நெல்லைச் சீமைக்கும் மகிழ்ச்சி தந்த செய்தி. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பகுதியினருக்கும் வாகைக்குளம்தானே பக்கத்து விமான நிலையம்!

ஆனால், சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கிவிடும் பயணி, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெல்லைக்கு வந்து சேர்வதற்குத்தான் திண்டாட வேண்டியிருக்கிறது. கண் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய என் தாயாரை அழைத்து வரச் சென்ற மாதம் பேருந்தில் புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்டு, உச்சி வெயிலில் உள்ளே நடந்து போனேன். பச்சைத் துணியால் ஒரு கண்ணை மறைத்திருந்த அம்மாவை, கையில் பெட்டியுடன் அதே வழியில் நடத்தி வர மனம் ஒப்பவில்லை. கேட்ட வாடகையைக் கொடுத்துக் காரில்தான் வந்தோம்.

விமானங்கள் வந்து புறப்படும் நேரத்தை ஒட்டி, நெல்லை சந்திப்பிலிருந்து வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம் வழியாக முனைய வாசல் வரை, பெட்டிகள் வைக்க இடமுள்ள சிற்றுந்துகளை இயக்கவும், அவற்றின் கால அட்டவணையை வருகைக் கூடத்தில் தமிழில் எழுதி வைக்கவும் அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.