முதல் பேருந்து முதல் கடைசிப் பேருந்து வரை

சேலத்தில் பொதுக் கழிப்பிடங்களைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தக் கழிப்பிடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பகுதியின் கதவில் பூட்டும், சன்னல் வழியே பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் விளக்குமாறுகளும் தெரிகிற கட்டடங்களைத் தாங்கள் அறிவீர்கள். ஆய்வு நாளில் மட்டும் அந்தப் பூட்டு இருப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

என் தாயாருக்கு வயது 62. சர்க்கரை நோயும் உண்டு. ஏற்காட்டை அடுத்த எங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி, கொய்யாவும் பேரிக்காயும் மிளகும் வைத்துச் சாலையோரம் தரைக்கடை போடுகிறார். அதற்குச் சுங்கம் வாங்க வருபவர் ஒருநாளும் தவறியதில்லை. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில், சேலத்து வெயிலில் ஒரு பகல் முழுவதும் கிடந்துவிட்டு, மாலையில் மூடி திறக்கப்படாமல் வீடு திரும்பும். கேட்டால், “குடிச்சுட்டு எங்கடி போறது?” என்பார்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை நானும் உடன் இருந்தேன். பெண்கள் பகுதியில் தண்ணீர் வரவில்லை, இரண்டு நாளாகும் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். ஆண்கள் பகுதிக்கு மட்டும் தண்ணீர் எந்தக் குழாயில் வந்ததோ தெரியவில்லை. வேறு வழியின்றிப் பேருந்தில் ஏறினோம். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு பெருமை. நிறைந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடிப்பவருக்கு அது வேறொன்று. பாதி மலையில் அவரால் முடியவில்லை. நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். இருட்டில், சாலையோரப் புதருக்கு முன்னால் என் துப்பட்டாவை விரித்துப் பிடித்தபடி நான் நின்றேன். பேருந்துக்குள் ஒருவர்கூட ஒரு சொல் பேசவில்லை. அந்த நாகரிகத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். என் தாயாரோ ஊர் வந்து சேரும்வரை முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

நான்காம் நாள் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தன. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டதாக மருத்துவர் சொன்னார். ஒருநாள் அடக்கியதால் வந்ததல்ல இது, ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் குடிக்காததன் விளைவு என்றும் விளக்கினார். சிறுநீர் வெளியேறும்போதுதான் கிருமிகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. குடிக்காமலும் கழிக்காமலும் இருந்தால் அவை உள்ளேயே பெருகுகின்றன. பெண்களின் சிறுநீர்த்தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளதால் கிருமி மேலேறுவது எளிது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் எளிது. கருவுற்ற பெண்ணுக்கு இந்தத் தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவம்கூட நேரலாம். ஆகவே அந்தப் பூட்டை ஒரு வசதிக்குறைவாக அல்ல, ஒரு நோய்க்காரணியாகவே கருதும்படி கேட்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. முதல் பேருந்து வரும் நேரம் முதல் கடைசிப் பேருந்து புறப்படும் நேரம் வரை பெண்கள் பகுதி திறந்திருக்க வேண்டும். உள்ளே தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும்.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டுமென்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கட்டணமில்லாமல் வந்து இறங்குகிற பெண், சிறுநீர் கழிக்கக் காசு கொடுக்கத் தயாராக நின்றும் கதவு திறப்பதில்லை. ஆனால் சுற்றுச்சுவரில் தூய்மையைப் பற்றிய ஓவியங்களுக்கு ஆண்டுதோறும் புது வண்ணம் அடிக்கப்படுகிறது. நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள் என்பதால் அன்று உறுதிமொழியும் எடுக்கப்படலாம். அதை எடுத்து முடித்ததும் யாரேனும் ஒருவர் சாவியையும் எடுத்து வந்தால் போதும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். முதல் பேருந்து முதல் கடைசிப் பேருந்து வரை அந்தக் கதவு திறந்திருக்க ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வருகிற திங்கட்கிழமை என் தாயார் மறுபடியும் கடைக்கு வருகிறார். மருத்துவர் சொன்னபடி இம்முறை பாட்டிலைத் திறந்து குடிப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி